மருந்து கலக்குமுன் சிலந்தியைத் தேடுங்கள்

பழவேற்காடு ஏரிக்கரையில் நெல் பயிரிடும் உழவர் பெருமக்கள், பயிரில் பூச்சியைக் கண்டவுடன் கேட்கும் முதல் கேள்வி, "என்ன மருந்து அடிக்கலாம்?" என்பதாகும். அதற்கு முன்னதாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "என் வயலில் சிலந்தி எத்தனை?" என்பதே அது.

புகையானுக்கு மருந்து அடிப்பதா வேண்டாமா என்பதைச் சிலந்தியின் எண்ணிக்கையைக் கொண்டுதான் முடிவு செய்ய வேண்டும். சிலந்தி இல்லாத வயலில் தூர் ஒன்றுக்கு 1 புகையான் என்ற அளவை எட்டினால் மருந்து தேவைப்படும். குத்து ஒன்றுக்கு 1 சிலந்தி இருக்குமானால், தூருக்கு 2 புகையான் வரும் வரை பொறுத்திருக்கலாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை இதுவே. நம் பக்கத்தில் சிம்பு என்று சொல்வதைத்தான் இங்கே தூர் என்கிறோம். பல தூர்கள் சேர்ந்தது ஒரு குத்து. ஆகவே, சிலந்தியை எண்ணத் தெரிந்தவருக்கு ஒரு தடவை மருந்து அடிக்கும் செலவும் ஆள் கூலியும் மிச்சமாக வாய்ப்பு உண்டு.

"எங்கள் வயலில் சிலந்தியே கிடையாதே" என்று சொல்பவர்கள் பலர். மருந்தே அடிக்காத வயலைப் பார்த்துக்கூட இப்படிச் சொல்கிறார்கள். பெரும்பாலும் சிலந்தி இல்லாமல் இல்லை. தேடிய நேரமும் இடமும் பொருந்தவில்லை.

புகையானும் சிலந்தியும்

புகையான் குத்தின் அடிப்பாகத்தில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாக இருந்து சாற்றை உறிஞ்சும். முட்டைகளை இலையுறையின் சதைக்குள் செருகி வைக்கும். மேலே தெளிக்கும் மருந்து அந்த முட்டைகளைப் பெரும்பாலும் சென்றடைவதில்லை. ஒரு வாரம் பத்து நாளில் அவை பொரித்துக் குஞ்சுகள் வெளிவரும். அப்போது அவற்றைப் பிடித்துத் தின்ன யாரும் இல்லை. ஏனெனில், வெளியே ஓடித்திரிந்த சிலந்திகள் முதல் தெளிப்பிலேயே மடிந்திருக்கும். புகையான் ஒரு மாதத்துக்குள் ஒரு தலைமுறையை முடித்துவிடுகிறது. ஓநாய் சிலந்தியோ மூன்று நான்கு மாதம் வாழ்வது. போன சிலந்தி அவ்வளவு விரைவில் திரும்பப் பெருகாது. மருந்து அடித்த பின் புகையான் முன்னைவிட அதிகமாகப் பெருகும் விந்தைக்கு இது முக்கிய காரணம்.

கேரளத்தின் குட்டநாட்டில் 1973-74இல் புகையான் பெரும் சேதம் விளைவித்தது. பிலிப்பைன்ஸ் நாட்டு நெல் வயல்களில் பீட்டர் கென்மோர் செய்து 1980இல் முடித்த ஆராய்ச்சி, மருந்து அடித்த வயல்களில்தான் புகையான் மிகுதியாகப் பெருகுகிறது என்று காட்டியது. இந்தோனேசிய அரசு 1986இல் 57 வகைப் பூச்சி மருந்துகளை நெல்லுக்கு அடிக்கக் கூடாது என்று ஆணையிட்டதன் பின்னணியிலும் புகையான்தான் இருந்தது. ஒரு நாட்டின் அரசே சிலந்திக்கும் அதன் கூட்டாளிகளுக்கும் வழிவிட்டது என்று இதைச் சொல்லலாம்.

நெல் வயலில் காணும் ஓநாய் சிலந்தி வலை பின்னுவதில்லை. குத்தின் அடியிலும் நீரின் மேலும் ஓடி இரை பிடிக்கும். முதுகில் கவை போன்ற ஒரு குறி இருக்கும். நாளொன்றுக்கு 5 முதல் 15 பூச்சிகளைத் தின்னும். உழவு முடிந்து நீர் கட்டிய வயலுக்கு முதலில் வந்து சேரும் சிலந்திகளில் இதுவும் ஒன்று. தாய்ச் சிலந்தி முட்டைப் பையைப் பின்பக்கம் ஒட்டிச் சுமந்துகொண்டே ஓடும். குஞ்சுகள் பொரித்ததும் அவற்றை முதுகில் ஏற்றிக்கொள்ளும். முதுகு சொரசொரப்பாகத் தெரியும் சிலந்தியைக் கண்டால் சற்று உற்றுப் பாருங்கள். அது ஒன்றல்ல, அறுபது எழுபதாகவும் இருக்கலாம்.

ஏன் கண்ணில் படுவதில்லை?

நீண்ட தாடைச் சிலந்தி பகல் முழுவதும் நெல் இலையோடு இலையாகக் கால்களை முன்னும் பின்னும் நீட்டிப் படுத்திருக்கும். இலை நரம்பு என்று எண்ணித் தாண்டிப் போய்விடுவோம். பொழுது சாய்ந்த பிறகுதான் நீருக்கு மேலே வலை கட்டும். ஓநாய் சிலந்தி ஆள் அரவம் கேட்டவுடன் குத்தின் மறுபக்கம் சுற்றிக்கொள்ளும். இன்னும் நெருங்கினால் தண்டைப் பிடித்துக்கொண்டு நீருக்குள் இறங்கிவிடும். குள்ளச் சிலந்தி குத்தின் அடியில் கடுகளவாக இருக்கும். குஞ்சுப் புகையானைத் தின்பதில் அது கெட்டிக்காரன். முள் முளைத்த கால்களை உடைய இன்னொரு வகை, பயிர் வளர்ந்து மூடிய பிறகு மேல் இலைகளில் தங்கி, நாளுக்கு இரண்டு மூன்று அந்துப்பூச்சிகளைப் பிடிக்கும். ஓர் அந்துப்பூச்சி போனால் அது இடவிருந்த முட்டைகள் அத்தனையும் போயின. வெயில் ஏறிய பிறகு வரப்பில் நின்று பார்ப்பவருக்கு இவற்றில் எதுவும் தெரியாது.

பழவேற்காட்டு நீரில் இருளர் மக்கள் கையால் தடவி இறால் பிடித்துப் பறியில் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். கலங்கிய நீரில் இறால் கண்ணுக்குத் தெரிவதில்லை. எந்த நேரத்து நீரோட்டத்தில், எந்தச் சேற்றில் அது ஒதுங்கும் என்பது அவர்கள் கைக்குத் தெரியும். சிலந்தி தேடுவதற்கும் அதே வகை அறிவுதான் வேண்டும். நல்லவேளையாக, இதைக் கற்க ஒரே இரவு போதும்.

இரவில் தேடும் முறை

நிலவு இல்லாத, மழை இல்லாத இரவாகப் பாருங்கள். டார்ச் விளக்கை இடுப்பில் பிடிக்காமல் கன்னத்தோடு ஒட்டி, கண்ணின் மட்டத்தில் பிடியுங்கள். நெற்றியில் கட்டும் விளக்கு இருந்தால் மிக நல்லது. ஒளியை வரப்பின் மீதும் குத்துகளின் அடியிலும் மெல்ல ஓட்டுங்கள். பச்சையும் நீலமும் கலந்த சிறு பொறிகள் மின்னும். அவை ஓநாய் சிலந்தியின் கண்கள். பூனைக் கண்ணில் இருப்பது போல ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் அதன் கண்ணுக்குள்ளும் இருக்கிறது. அந்த ஒளி வந்த வழியே திரும்புவதால், விளக்கு உங்கள் கண்ணருகில் இருந்தால்தான் தெரியும். விளக்கைத் தாழ்த்தினால் மறைந்துவிடும்.

பனித்துளியும் மின்னும். ஆனால் பனித்துளி வெள்ளையாக, நீங்கள் நகர நகர நிறம் மாறி மின்னும். சிலந்திக் கண் நிலையாக ஒரே நிறத்தில் நிற்கும். பொறியைப் பார்த்தபடியே அருகில் சென்றால் சிலந்தியைக் காணலாம்.

இரவில் வரப்பில் நடப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விரியன் நடமாடும் நேரமும் அதுவே. கணுக்கால் மூடும் காலணி அணிந்து, கையில் கோலுடன், துணைக்கு ஓர் ஆளையும் அழைத்துச் செல்லுங்கள். கல்லையும் கட்டையையும் வெறுங்கையால் புரட்ட வேண்டாம்.

குப்பங்களில் காணக்கூடியவை

வயலில் மட்டும் தேடினால் பழக்கம் வருவது தாமதமாகும். ஏரிக்கும் கடலுக்கும் இடையே உள்ள மீனவர் குப்பங்கள் சிலந்தி தேடிப் பழகத் தோதான இடங்கள். கோட்டைக்குப்பத்திலோ லைட்ஹவுஸ் குப்பத்திலோ உங்களுக்கு உறவினர் இருந்தால், ஒரு மாலைப் பொழுது அங்கே தங்கிப் பாருங்கள். விளக்குக் கம்பத்தின் அருகிலும் சவுக்கு மரங்களுக்கு நடுவிலும் பொழுது சாய்ந்ததும் வட்ட வலைகள் கட்டப்படும். இவ்வகைச் சிலந்திகளில் பல, விடியுமுன் தம் வலையைத் தாமே தின்றுவிடும். காலையில் போகிறவருக்கு ஒரு நூல்கூட மிஞ்சாது. ஏரியில் இன்று யார், எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதற்குப் பாடு முறை வைத்து ஒழுங்கு செய்திருக்கிறார்கள் மீனவர்கள். சிலந்திகளுக்கு அப்படி முறை எதுவும் இல்லை. நல்ல இடத்துக்குச் சண்டைதான்.

கடலோர மணல் மேட்டில் விரல் நுழையும் அளவு வளைகள் இருக்கும். பெரும்பாலானவை நண்டு வளைகள். நண்டு வளையின் வாயில் தோண்டிய மணல் சிதறிக் கிடக்கும். சுவர் தொட்டால் உதிரும். மணலில் வளை தோண்டும் ஓநாய் சிலந்தி வகைகளும் உண்டு. அவை வளையின் சுவரைத் தம் நூலால் பூசுவதால் வாய் வட்டமாக, உதிராமல் நிற்கும். ஒரு புல் ஈர்க்கை மெல்ல உள்ளே விட்டால் நூல் பூச்சு தட்டுப்படும். வளையைத் தோண்ட வேண்டாம். இரவில் வந்து விளக்கு காட்டினால் சிலந்தி வாயிலிலேயே உட்கார்ந்திருக்கும்.

உமரியும் புல்லும் படர்ந்த ஏரியோரத்தில் பனி பெய்த காலையில், கைக்குட்டை விரித்தாற்போலத் தரையோடு வெள்ளை வலைகள் தெரியும். அதன் ஓரத்தில் புனல் போன்ற ஒரு துளை இருக்கும். சிலந்தி அதற்குள்ளே இருக்கும். பனி உலர்ந்ததும் அத்தனையும் மறைந்துவிட்டது போலத் தோன்றும். வலை அங்கேயேதான் இருக்கிறது. உங்கள் வயல் வரப்பிலும் இதே வகை உண்டு. மார்கழி, தை மாதக் காலைகளில் பாருங்கள்.

கடல் நீர் ஏறி இறங்கும் இடத்திலேயே வாழும் சிலந்திகளும் இருக்கின்றன. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த கிரேவ்லி, மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவிலிருந்து அவ்வகை ஒன்றை 1927இல் விவரித்து எழுதினார். இவ்வினத்துச் சிலந்திகள் நீர் ஏறும்போது சிப்பி, பவளப் பொந்துகளுக்குள் நூலால் அறை கட்டி, காற்றை அடைத்து வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும். நீர் வற்றியதும் வெளியே வந்து இரை தேடும். பழவேற்காட்டு முகத்துவாரத்தின் சிப்பித் திட்டுகளும் நீர் வற்றும் நேரத்தில் தேடிப் பார்க்கத் தகுந்த இடங்களே.

102 ஆண்டுகள் மறைந்திருந்த சிலந்தி

இடம் தவறினால் தேடல் எவ்வளவு காலம் வீணாகும் என்பதற்கு ஆந்திர மாநிலத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். மரப்பொந்தில் வாழும் நீல நிறப் பெருஞ்சிலந்தி ஒன்றைப் போகாக் என்ற ஆங்கிலேய அறிஞர் 1899இல் விவரித்தார். கிடைத்த இடம் குத்தி என்னும் ஊரின் ரயில்வே மரக்கிடங்கு. அதன் பிறகு ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அது யார் கண்ணிலும் படவில்லை. 2001இல் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில் மீண்டும் காணப்பட்டது. குத்தியிலிருந்து அந்தக் காடு சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. முதல் சிலந்தி மரக்கட்டையோடு ரயிலில் குத்திக்கு வந்திருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். அதன் வீடு காடு. மரக்கிடங்கில் எத்தனை ஆண்டு தேடியும் பயன் இருந்திருக்காது.

நம் மாநிலத்திலும் ராமேசுவரம் தீவில் இதே குடும்பத்துப் பெருஞ்சிலந்தி ஒன்றை 2004இல் அறிவித்தார்கள். அங்குள்ள அனுமார் கோயில் ஒன்றின் பெயரையே அதற்கு இட்டிருக்கிறார்கள். அது இருந்தது தொலைதூரக் காட்டில் அல்ல. ஊருக்குள் மக்கள் நடமாடும் புளியந்தோப்பில். இவ்விரண்டும் அழியும் தறுவாயில் உள்ளவை என்று பட்டியலிடப்பட்டிருக்கின்றன. இவ்வினத்தை வெளிநாடுகளுக்கு விற்பதைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு விதி 2019இல் வந்தது. பழைய புளிய மரத்தையோ பனையையோ வெட்ட நேர்ந்தால், பொந்துகளை முதலில் விளக்கு வைத்துப் பார்ப்பது நல்லது. யாராவது பணம் தருவதாகச் சொல்லிப் பெருஞ்சிலந்தி கேட்டால் இணங்க வேண்டாம்.

வயலில் எண்ணும் முறை

கண் பழகிய பிறகு வயலுக்கு வாருங்கள். இரவுத் தேடல் சிலந்தி இருக்கிறதா என்று அறிய மட்டும். மருந்து பற்றிய முடிவுக்குக் காலையில், வெயில் ஏறுமுன் எண்ணுங்கள். இரண்டையும் கலந்து கணக்குப் போட்டால் தவறாகிவிடும்.

வயலின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் குறுக்காக நடந்து, இடைவெளி விட்டு 20 குத்துகளைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் நிழல் குத்தின் மேல் விழாதபடி, சூரியனை நோக்கி நின்றுகொள்ளுங்கள். முதலில் தொடாமல் இலைகளைப் பாருங்கள். அடுத்து நீர்ப்பரப்பைப் பாருங்கள். பிறகு குத்தை மெல்லச் சாய்த்து அடிப்பாகத்தை உள்ளங்கையால் மூன்று முறை தட்டுங்கள். நீரில் விழும் புகையானையும் ஓடும் சிலந்தியையும் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பெண்கள் நடவிலும் களையெடுப்பிலும் குனிந்து பழகிய கண்ணுடையவர்கள். இந்த எண்ணிக்கையை அவர்களிடம் விட்டால் ஆண்களைவிடச் சரியாக வரும் என்பது என் கருத்து.

ஒரு கணக்கு பார்ப்போம். 20 குத்துகளில் குத்துக்கு 15 தூர் வீதம் 300 தூர்கள். எண்ணிய புகையான் 420 என்றால் தூருக்கு 1.4 ஆகிறது. சிலந்தி 24 என்றால் குத்துக்கு 1.2. இங்கே மருந்து வேண்டாம். நான்கு நாள் கழித்து மறுபடியும் எண்ணுங்கள். அதே 420 புகையானுக்குச் சிலந்தி 5 மட்டுமே இருக்குமானால் நடவடிக்கை தேவை. இரண்டு வயலும் வரப்பில் நின்று பார்ப்பவருக்கு ஒன்றுபோலத்தான் தோன்றும்.

நடவடிக்கை என்றால் உடனே கடைக்கு ஓட வேண்டும் என்பதில்லை. நீரை வடித்து வயலைக் காய விடுவது முதல் வேலை. தழைச்சத்து உரம் இடுவதை நிறுத்தி வையுங்கள். வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவீதம், அதாவது ஏக்கருக்கு 10 கிலோ கொட்டையை இடித்து ஊறவைத்து வடிகட்டி 200 லிட்டர் நீரில் கலந்து, குத்தின் அடியில் படும்படி தெளிக்கலாம். இதற்கும் அடங்காவிட்டால் வேளாண்மை அலுவலரைக் கேட்டு, தாக்கிய பகுதியில் மட்டும் மருந்து அடியுங்கள். சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்துகளைப் புகையானுக்கு அடிக்கவே கூடாது. அவை புகையானை மேலும் பெருக்கும்.

வடிகால் நீர் எங்கே போகிறது?

பைரித்ராய்டு வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் நம் பகுதிக்கு உண்டு. நம் வயல் நீர் ஓடையிலும் ஆரணியாற்றிலும் பக்கிங்காம் கால்வாயிலும் கலந்து ஏரிக்குப் போய்ச் சேர்கிறது. சிலந்தி, புகையான், இறால், நண்டு யாவும் கணுக்கால் உடைய ஒரே பெருங்கூட்டத்தைச் சேர்ந்தவை. ஆகவே சிலந்தியைக் கொல்லும் மருந்து இறாலையும் விடாது. பைரித்ராய்டுகள் மீனுக்கும் இறாலுக்கும் மிகக் கொடிய நஞ்சு. கடலில் பிறந்த இறால் குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக வந்து வளரும் இடம் இந்த ஏரி. உங்கள் வயலின் மடையைத் திறக்கும்போது, குப்பத்தில் இருக்கும் உங்கள் மைத்துனர் வீட்டு வருமானமும் அந்த நீரில் இருக்கிறது.

எனவே நீரை வடிப்பதாக இருந்தால் மருந்து அடிக்குமுன் வடியுங்கள். அடித்த பிறகு மடையைத் திறக்க வேண்டாம். வடகிழக்குப் பருவமழை மேகம் கட்டியிருக்கும் நாளில் மருந்தைத் தொடவே வேண்டாம். தெளிப்பானை ஓடையில் கழுவுவதும் கூடாது.

சிலந்தி தங்க இடம்

அறுவடையானதும் சிலந்திகள் வரப்புக்கும் தரிசுக்கும் ஒதுங்குகின்றன. வரப்புப் புல்லுக்குத் தீ வைத்தால் அடுத்த பட்டத்துக்கான காவலர்களையும் சேர்த்துக் கொளுத்தியதாகிவிடும். புல் மண்டினால் எலியும் சேரும் என்பது உண்மையே. ஆகவே ஒரே நாளில் வழித்துவிடாமல், இந்த வாரம் ஒரு பக்கமும் பத்து நாள் கழித்து மறுபக்கமுமாகச் செதுக்குங்கள். சீன நாட்டு உழவர்கள் வயலில் வைக்கோல் கட்டுகளை வைத்துச் சிலந்திகள் ஒதுங்க இடம் தந்தனர். நாற்று நட்டவுடன் வரப்போரமாகச் சில கட்டுகளை நிறுத்திப் பாருங்கள். செலவு எதுவும் இல்லை. எட்டடிக்கு ஓரடி பட்டம் விட்டு நட்டால் காற்றும் வெளிச்சமும் புகுந்து புகையான் குறையும். எண்ணிப் பார்ப்பதற்கும் நடக்க வழி கிடைக்கும்.

வயலில் சிலந்தி அற்றுப்போனாலும் புதியவை வரும். குஞ்சுகள் புல் நுனியில் ஏறி நூலைக் காற்றில் விட்டுப் பறந்து போகின்றன. தென் அமெரிக்கக் கரைக்கு 60 மைல் அப்பால் சென்ற கப்பலின் கயிறுகளில் இப்படிப் பறந்து வந்த சிலந்திக் குஞ்சுகள் ஏராளமாக இறங்கியதை டார்வின் 1832இல் பதிவு செய்திருக்கிறார். ஆனால் காற்றில் வரும் குஞ்சு வளர்ந்து புகையானுக்கு ஈடுகொடுக்க நாள் ஆகும். இருப்பதைக் காப்பதே எளிது.

கடிக்குமா?

நெல் வயல் சிலந்திகளால் மனிதருக்குத் தீங்கு இல்லை. கையில் பிடித்து நசுக்கினால் அரிதாகக் கடிக்கலாம். எறும்புக் கடி அளவுதான். தோலில் கொப்புளம் கண்டால் "எட்டுக்கால் பூச்சி ஊர்ந்துவிட்டது" என்பது நம் வழக்கம். சிலந்தி என்ற சொல்லே புண்ணுக்கும் பெயராக இருப்பது இந்த அச்சத்தை வளர்த்திருக்கலாம். உண்மையில் அறுவடைக் காலத்தில் வரும் இத்தகைய கொப்புளங்களில் பல, சிவப்பும் கறுப்பும் கலந்த, எறும்பு போல ஒடுங்கிய ஒரு சிறு வண்டைத் தோலில் வைத்து நசுக்குவதால் உண்டாவன. விளக்கு வெளிச்சத்துக்கு அது வீட்டுக்குள்ளும் வரும். நசுக்காமல் ஊதித் தள்ளுங்கள். அதுவும் புகையானைத் தின்னும் வண்டுதான்.

தேடும்போது முன்பின் காணாத சிலந்தி தென்பட்டால் பிடிக்க வேண்டாம். அருகில் ஒரு நாணயத்தை வைத்துக் கைப்பேசியில் மேலிருந்தும் பக்கவாட்டிலும் படம் எடுங்கள். ஊர், நாள், நேரம், இருந்த இடம் ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். வயலில் என்றால் பயிரின் வயதையும் கடைசியாக மருந்து அடித்த நாளையும் சேர்த்துக் குறித்து, திரூரில் உள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்திலோ நெல் ஆராய்ச்சி நிலையத்திலோ காட்டுங்கள். புகையான் எண்ணிக்கை எழுதிய தாளையும் கையோடு கொண்டு செல்லுங்கள்.